அவர் சுட்ட வாழைப்பழம்

என் கணவர் அடுப்படிக்குள் வந்தால் தண்ணீர்ச் செம்பு எங்கே என்று கேட்கத்தான் வருவார். செம்பு அவருடைய மூக்குக்கு நேரே இருக்கும். கலியாணம் கட்டிய காலம் தொட்டு இதே கதைதான். அப்படிப்பட்ட மனிதர் போன வருடம் எனக்காகச் சமைத்தார்.

தொண்டையில் வந்த கட்டிக்கு எனக்குக் கதிர் சிகிச்சை கொடுத்திருந்தார்கள். அது முடிந்தபோது நாக்கு செத்துப்போயிருந்தது. இனிப்பும் தெரியாது, உப்பும் தெரியாது. எதை வாயில் வைத்தாலும் ஈரக் கடதாசிதான். விழுங்கினாலும் நோகும். நான் கஞ்சியைத் தள்ளி வைப்பதைப் பார்த்துவிட்டு, அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பாயில் இருக்கிற ஆயுர்வேத வைத்தியரிடம் போனார். பழத்தைச் சும்மா கொடுத்தால் சளி கட்டும், நெய் விட்டுச் சுட்டு இளஞ்சூட்டில் கொடுத்தால் புண்ணுக்கு இதம், வேர்க்கொம்பு, அதுதான் சுக்கு, சேர்த்தால் வாயுவும் பிடிக்காது என்று வைத்தியர் சொல்லி அனுப்பினாராம்.

கேக் போட மட்டும் நாங்கள் திறக்கிற அவண் அடுப்பை அன்றைக்கே தூசி தட்டினார். நன்றாகப் பழுத்த கப்பல் வாழைப்பழத்தை நெடுக்காகப் பிளந்து தட்டில் அடுக்கி, நெய் விட்டு, பனங்கட்டியைச் சீவிப் போட்டு, கறுவாப்பட்டைத் தூளும் வேர்க்கொம்புத் தூளும் தூவிச் சுட்டார். ஆவி அடங்கியதும் இளஞ்சூட்டோடு கொண்டுவந்து என் முன்னால் நின்றார். அவருக்குச் சீனி வருத்தம், வாயில் வைத்துப் பார்க்க மாட்டார்.

"இனிப்புக் காணுமே, இன்னும் போடவேணுமே?"

"ஓம், காணும்."

"உண்மையாச் சொல்லும். நல்லா வந்திருக்கே?"

"சோக்கா இருக்கு."

சூடும் மெதுமையும் தொண்டைக்கு இதமாக இருந்தது உண்மை. ருசி மட்டும் துளியும் தெரியவில்லை. அவருடைய முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபின் அதைச் சொல்ல மனம் வரவில்லை. பின்னேரங்களில் தவறாமல் சுட்டார். தன் கை பட்டுத்தான் நான் தேறுகிறேன் என்று அயலுக்குள் புழுகித் திரிந்தார். உடம்பு தேறத்தான் செய்தது. நாக்கும் ஒருநாள் வரும், அப்போது ஆறுதலாக ருசித்துப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன்.

நாக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார். ஒரு விடியற்காலை நெஞ்சு நோகுது என்றார். அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. படைத்து முடித்து எல்லோருடனும் சாப்பிட உட்கார்ந்தேன். பாயாசத்தை வாயில் வைத்தேன். இனித்தது. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. கேடுகெட்ட நாக்கு, ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் என்ன?

மறுநாள் நானே வாழைப்பழம் சுட்டேன். அந்தியேட்டிக்கு வந்திருந்த மகள் ஒரு துண்டு தின்றாள்.

"நல்லா இருக்கம்மா. அப்பா செய்ததும் உப்பிடித்தானே இருந்தது?"

நானும் ஒரு துண்டை எடுத்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. என்னுடைய கைப்பக்குவம், வேறெப்படி இருக்கும்? அவர் பனங்கட்டியை அள்ளிப் போட்டாரோ, கிள்ளிப் போட்டாரோ, யாருக்குத் தெரியும்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியாது பிள்ளை," என்றேன். "கொப்பர் சமைச்சதின்ரை ருசி எனக்குத் தெரியாது."