நடுவில் தட்டிய கை

திண்டிவனத்தில் ஆங்கில ராக் இசை கேட்க எனக்குத் துணை யாருமில்லை. என்னிடம் ஒரு குழுவின் கேசட் இருந்தது; அதன் கடைசிப் பாட்டு நீளமானது. நடுவில் அப்படியே அடங்கிப்போகும். முடிந்துவிட்டதென்று நம்பி, கேசட்டைத் திருப்பிப் போட்டுவிடுவேன். மீதிப் பாட்டு இருப்பதே பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. என்னைக் கேலி செய்யக்கூட ஆளில்லை.

இருபது வருடம் கழித்து, அந்தக் குழுவின் பழைய கச்சேரிப் பதிவுகள் எங்கிருந்தோ கிடைத்து வெளிவந்தன. விழுப்புரம் பேருந்தில் செல்போனில் கேட்டுக்கொண்டு போனேன். அதே பாட்டு, அதே அமைதி. கூட்டத்தில் ஒரே ஒருவர் கைதட்டினார். பாட்டு மறுபடி தொடங்கியதும் அரங்கமே சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன், கண் கலங்கிவிட்டது.

பக்கத்து சீட்டில் மல்லாட்டை உரித்து, கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "இன்னாப்பா, தனியா சிரிச்சிக்கினு வர்ற?"

"தனியா இல்லக்கா. கூட ஒருத்தர் இருக்காரு."

அக்கா எனக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஜன்னல்தான் இருந்தது.