எதிரே வரச் சொன்னார்கள்

எங்கள் தெருவில் யாருக்கு வேலை கிடைத்தாலும் காரணம் நான்தான். நாகமலை புதுக்கோட்டைக்குக் குடிவந்த புதிதில், ஒரு நாள் காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எதிரே ஒருவர் போனார். அன்றைக்கே அவருக்கு வங்கி வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது. மூன்று ஆண்டுகளாக அவர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தது யாருக்கும் நினைவில்லை. என் முகராசிதான் நின்றது. அதன்பிறகு விசா, பெண் பார்ப்பது, டிரைவிங் லைசென்ஸ் என்று யார் கிளம்பினாலும் முதல் நாளே சொல்லிவைத்துவிடுவார்கள். நான் தண்ணீர்க்குடத்தோடு எதிரே நடந்து வர வேண்டும். வீட்டில் குடம் இல்லை என்றேன். அவர்களே ஒன்று வாங்கித் தந்தார்கள்.

இதில் வேடிக்கை, என் ஆராய்ச்சியே ராசி, அதிர்ஷ்டம் போன்ற சொற்களைப் பற்றியதுதான். பதினொரு ஆண்டுகளாகக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. அதிர்ஷ்டம் என்றால் வடமொழியில் கண்ணுக்குத் தெரியாதது. ராசி முதலில் வெறும் குவியல். அதிர்ஷ்டத்துக்கு உருதுவில் சொல்லும் நசீப், கிஸ்மத் இரண்டுக்கும் அரபியில் பங்கு என்று பொருள். நம் பாக்கியமும் பங்கிலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயர்களின் லக் டச்சுக்காரர்கள் பக்கத்திலிருந்து, ஒருவேளை சூதாடிகளின் வாய்வழியாக வந்தது. அதற்கு முன் எங்கிருந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இதையெல்லாம் நான்கு தடித்த நோட்டுகளில் எழுதி வைத்திருந்தேன். கட்டுரையாக ஒன்றுகூட வெளியிடவில்லை. பதறாத காரியம் சிதறாதல்லவா?

போன ஆண்டு ஒரு நிரந்தரப் பணியிடத்துக்கு நேர்காணல் வந்தது. இருப்பது ஒரே இடம். அடுத்த முறைக்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அன்று காலை பார்த்து எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். மகள் இன்டர்வியூவுக்குப் போகிறாளாம். பட்டுச்சேலையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்கு எதிரே வரத்தான் ஆள் இல்லை. ஒரு பூனை வந்தது.

நேர்காணலுக்குக் காத்திருந்தவர்களில் அந்தப் பெண்ணும் இருந்தாள். அவள் படித்தது என் துறைதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் சின்னப் பெண்தானே என்று கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. உள்ளே, என்ன வெளியிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பதினொரு ஆண்டுகளாகவா என்று ஒருவர் கேட்டார், மரியாதையாகத்தான்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. அவள் அம்மா அல்வாவோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் ஒங்க மொகராசிதான் டீச்சர். நீங்க எதிர்ல வரலைன்னா இம்புட்டு நடந்திருக்குமா?"

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பேச்சு இதமாக இருந்தது. கைவசம் இருந்த ராசியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஏமாந்த நல்லவள் என்று ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். பூனையையும் விட்டுவைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என் பங்கு உனக்கு வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"மூணு கட்டுரை போட்டேன்க்கா. ஒண்ண மட்டும் ஆறு தடவ திருப்பித் திருப்பி எழுதுனேன். எங்கம்மாதான் அதச் சொல்லலைன்னா, நீங்களுமாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள்மேல் கோபமும் வந்தது, அவள் சொன்னது சரி என்பதால். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். வேலை கிடைத்ததற்கு வாழ்த்து என்று ஒரு வார்த்தை அவளிடம் நான் இன்னும் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.