சுமாராகப் படிக்கும் பெண்

பத்தாம் வகுப்பு முடியப்போகும் அந்த மாதங்களில் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் மாடி அபார்ட்மென்ட் எங்களுடையது. ஹாலுக்கும் பால்கனிக்குமாக நான் நடக்க நடக்க, கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் அவர் வீட்டு சீலிங்கை இடிப்பார். சரி என்று உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். "காலை ஆட்டாதடி, வீட்டுக்கு ஆகாது" என்பாள் அம்மா. மறுபடி எழுந்து நடப்பேன்.

காரணம் ஏ.பி. இங்கிலீஷ். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் வகுப்பு. கதை, கவிதை அதிகம் கிடையாது. யாரோ எழுதிய கட்டுரையை எடுத்து, அவர் எப்படி நம்மைத் தன் பக்கம் இழுக்கிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும், பிறகு அவரோடு மல்லுக்கட்ட வேண்டும். சென்னையில் கட்டுரை என்றால் நோட்ஸை மனப்பாடம் செய்து கக்கியவள் நான். அச்சில் வந்த ஒருவரைப் பார்த்து 'நீங்கள் சொல்வது தப்பு' என்று எழுதினால் மார்க் போடுகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு வெறியே பிடித்துவிட்டது. வீட்டில் வாயைத் திறந்தால் 'எதிர்த்துப் பேசாதே'. எதிர்த்துப் பேசுவதற்கென்றே ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள் என்றால் விடுவேனா?

அதில் சேர, அந்த வருட ஆங்கில டீச்சர் பரிந்துரைக்க வேண்டும். அவருக்கு என் எழுத்து பிடித்திருந்தது. ஆனால் வகுப்பில் வாயே திறக்காத பெண், நாட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, தாக்குப்பிடிப்பாளா என்று சந்தேகம். பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்த மாலையில் அதை அப்பாவிடமே கேட்டுவிட்டார்.

அப்பாவுக்கு நியூயார்க்கில் கம்ப்யூட்டர் வேலை. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் இறங்கி, டையைக்கூடக் கழற்றாமல் நேரே வந்திருந்தார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஷீ இஸ் ஒன்லி ஆவரேஜ், மேடம். வெரி கேர்லெஸ். யூ ப்ளீஸ் பி ஸ்ட்ரிக்ட் வித் ஹர்."

நம் ஆட்கள் எல்லோரும் சொல்வதுதான். பிள்ளை முதல் ரேங்க் வாங்கினாலும் 'ஏதோ சுமாரா படிக்கிறான்' என்பார்கள். எதிரே இருப்பவர் உடனே, 'உங்க பிள்ளைக்கு என்ன சார் குறைச்சல்!' என்று தூக்கிவிட வேண்டும். டீச்சருக்கு இந்த ஏற்பாடு எப்படித் தெரியும்? ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி என்றார். வரவேண்டிய பாராட்டு வராமல் அப்பா திகைத்தார், பாவம். "தேங்க் யூ, மேடம்" என்று எழுந்துகொண்டார்.

அடுத்த வாரம், எனக்குச் சாதாரண வகுப்பே போதும் என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார். அன்று மாலை வீட்டில் ரகளை.

"நான் ஆவரேஜாப்பா?"

"பின்ன? என் பொண்ணு பெரிய ஜீனியஸ்னு தம்பட்டம் அடிக்கச் சொல்றியா? டீச்சர்தானே, அவங்களுக்கே தெரியாதா?"

"நம்ம பிள்ளைய நாமளே புகழ்ந்தா கண்ணு பட்டுடும்டி" என்றாள் அம்மா.

"ஐயோ, இங்க அப்படி இல்லம்மா! அவங்க அப்படியே பிலீவ் பண்ணிட்டாங்க!"

கீழே துடைப்பக் கட்டை இடித்தது.

மறுநாள் நானே டீச்சரிடம் போனேன். எங்கள் ஊரில் அப்பாக்கள் அப்படித்தான் பேசுவார்கள், அதை நம்பக் கூடாது என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அந்த வருடம் முழுவதும் வகுப்பில் நான் அவ்வளவு பேசியதில்லை. டீச்சர் சிரித்தார். பிறகு கரிசனத்தோடுதான் கேட்டார்: "அப்படியென்றால் உன் அப்பா உன்னைப் பற்றி நிஜமாக என்ன நினைக்கிறார்?"

எனக்கே தெரியாது. ரேங்க் கார்டைப் பார்த்தால் "ம்" என்பார், அவ்வளவுதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அவரையே கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

டீச்சர் மறுபடி வரச்சொல்ல, ஆபீசுக்கு லேட்டாக வருவதாகச் சொல்லிவிட்டு அப்பா ஒரு காலையில் என்னோடு வந்தார். வழியெல்லாம் ஒரே கேள்வி. "என்ன சொல்லணும்? நீயே சொல்லிக் குடு."

"நீங்க என்ன நெனைக்கிறீங்களோ அதச் சொல்லுங்கப்பா."

டீச்சர் முன்னால் நின்றவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்து, "ஷீ இஸ் குட்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெரி குட், மேடம். மை ஆபீஸ் லெட்டர்ஸ் ஆல்சோ, ஷீ ஒன்லி கரெக்ட்ஸ்."

நெற்றியெல்லாம் வியர்வை அவருக்கு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் என்னை அந்த வகுப்பில் போட்டுவிட்டார்.

கார் வரைக்கும் கூடவே ஓடினேன். "நிஜமாவாப்பா?"

"அட, அவங்க கேட்டாங்களேன்னு சொல்லி வெச்சேன். அத நம்பித் தலைக்கனம் ஏத்திக்காத" என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருடம் யார் யார் கட்டுரைகளையோ பிரித்து மேய்ந்தேன். எழுதியவர் எங்கே மனதாரச் சொல்கிறார், எங்கே கேட்பவருக்காகச் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கினேன். அப்பா விஷயத்தில் மட்டும் அந்தக் கெட்டிக்காரத்தனம் பலிக்கவில்லை. ஆவரேஜ் என்றது ஒப்புக்கா, வெரி குட் என்றது ஒப்புக்கா? அவரிடமே கேட்டிருக்கலாம். மறுபடியும் சுமார்தான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.