டிவி இல்லாத வீட்டின் மானிட்டர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒவ்வொரு மே மாதமும் கதிரவன் டியூஷன் சென்டரின் நோட்டீஸ் செய்தித்தாளுக்குள் மடிந்து வரும். பிளஸ் டூ கணக்குக்கான டியூஷன். மற்ற மாஸ்டர்கள் தாங்கள் படித்த படிப்பைப் போட்டுக்கொள்வார்கள். இருநூற்றுக்கு இருநூறு வாங்கிய பிள்ளைகளின் படங்களைப் போடுவார்கள். கதிரவனிடம் இரண்டும் சுமார்தான். அதனால் அவர் தன்னிடம் இல்லாத ஒன்றைக் கொட்டை எழுத்தில் போட்டார்: 'தொலைக்காட்சி இல்லாத இல்லத்தில் கல்வி.'

இன்மையும் ஒரு பொருளே என்று பழைய தர்க்கக்காரர்கள் வாதிட்டிருக்கிறார்கள். தரையில் குடம் இல்லை என்றால், அந்த இல்லாமையும் அறியப்படும் பொருள்தான் என்பது அவர்கள் கட்சி. அதற்கு மாதச் சம்பளம் வசூலிக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. கதிரவனுக்குத் தோன்றியது. பெற்றோர்கள் வந்து முன்னறையைச் சுற்றிப் பார்ப்பார்கள். டிவி இருக்க வேண்டிய மூலையில் ஒரு ஸ்டூலும் அதன் மேல் ஒரு குளோபும் இருக்கும். அந்த மூலையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போவார்கள்.

இந்தக் கொள்கை பிறந்த கதையை நோட்டீசில் போட முடியாது. தொண்ணூற்றெட்டில் கல்யாணம். மனைவி அமராவதி குமராட்சிக்காரி. கட்டில், பீரோவோடு அவள் அப்பா ஒரு கலர் டிவியும் அனுப்பினார். மூத்த மாப்பிள்ளைக்கு இருபத்தோரு அங்குலம் கொடுத்தவர் இளையவருக்குப் பதினான்கு அங்குலம் கொடுத்துவிட்டார் என்பது கதிரவனின் மனக்குறை. வந்த வேனிலேயே டிவியைத் திருப்பி ஏற்றினார். "எங்க வீட்டுக்கு இதெல்லாம் ஆவாது" என்று ஒரு வார்த்தை சொன்னார். அது கோபத்தில் சொன்னது. அதற்குக் கொள்கை என்று பெயர் வைக்க அவருக்கு மூன்று வருடம் பிடித்தது.

பெயர் வைத்த பிறகு அது தானாக வளர்ந்தது. அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தபோது, வாங்க வரிசையில் நின்றவர்கள் நடுவே போய்த் தன் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு பத்தியில் படம் வந்தது. அதை லேமினேட் செய்து குளோபுக்கு மேலே மாட்டினார். அன்று முதல் வானொலியின் பெருமையையும் பேசத் தொடங்கினார். கேட்பது அறிவை வளர்க்கும், பார்ப்பது மழுக்கும் என்பார். அவர் வானொலி கேட்டு யாரும் பார்த்ததில்லை.

கொள்கையின் பாரம் வேறொருத்தியின் மேல் இருந்தது. அமராவதி சாயங்காலம் ஏழரை மணிக்கு முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ராசம்மாளின் வாசற்படியில் போய் நிற்பாள். கல் பொறுக்குகிற சாக்கு. உள்ளே டிவியில் சீரியல் ஓடும். "உள்ள வந்து குந்தேன்டி, படியிலயே நிக்கற" என்று ராசம்மாள் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அமராவதி உட்கார மாட்டாள். மாஸ்டர் பொண்டாட்டி டிவி பார்க்கிறாள் என்று பேச்சு வந்துவிடும். நின்றால், வந்த இடத்தில் கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கல் இல்லாத அரிசியில் பத்து வருடம் கல் பொறுக்கினாள்.

2009 பொங்கலுக்கு இருவரும் குமராட்சி போனார்கள். அமராவதியின் தம்பி அன்பரசு ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தான். கூடவே ஒரு வீடியோ கேமும் வந்திருந்தது. அதை மாமனார் வீட்டு இலவச டிவியில் மாட்டிக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒரு ஓவர் ஆடிப் பாருங்க."

"எனக்கெதுக்குப்பா? மூளைய மழுக்கற சமாச்சாரம்."

"ஆறு பந்துல எவ்ளோ மாமா மழுங்கிடும்? சும்மா புடிங்க."

கதிரவன் பிடித்தார். நான்காவது பந்தில் சிக்சர் போனது. கூட்டம் ஆரவாரம் செய்தது. நாற்பத்து மூன்று வயது வரை எந்தக் கூட்டமும் அவருக்காக ஆரவாரம் செய்ததில்லை. மூன்று நாளும் அந்தப் பதினான்கு அங்குல டிவிக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாட்டுப் பொங்கலன்று கட்டைவிரல் வீங்கிவிட்டது. தான் டோக்கனைத் திருப்பிக் கொடுத்த அதே டிவி இது என்ற நினைவு அவருக்கு ஒரு முறையாவது வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஊருக்குக் கிளம்பும்போது அன்பரசு கேமைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தான். "வச்சிக்குங்க மாமா. நான் அங்க புதுசு வாங்கிக்கறேன்."

பஸ்ஸில் அமராவதி கேட்டாள்: "இத எதுல மாட்டுவீங்க?"

கதிரவன் துணிப்பையை மடியில் சரிசெய்து வைத்துக்கொண்டார். புதுச்சத்திரம் தாண்டியதும் சொன்னார். "மானிட்டர்ல."

"அப்படின்னா?"

"கம்ப்யூட்டருக்கு வைக்கறது. அது டிவி இல்ல."

"படம் வருமா?"

"வரும்."

"சத்தம்?"

"அதுவும் வரும்."

"அப்ப அது இன்னா?"

"மானிட்டருன்னு சொல்றேன் இல்ல? உனக்குச் சொன்னா புரியாது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் சொன்னது புரிந்திருந்தது. ஒரு வார்த்தை விடாமல் மனதில் வைத்துக்கொண்டாள்.

கடலூரில் வாங்கினால் பெற்றோர் யாராவது பார்த்துவிடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதிரவன் துணிப்பையோடு சிதம்பரம் போனார். மேலவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கிபாயத்துல்லா என்பவரின் கம்ப்யூட்டர் கடை.

"சிபியு இன்னா வச்சிருக்கீங்க சார்?"

"சிபியு இல்ல. மானிட்டர் மட்டும் போதும்."

"கம்ப்யூட்டரே இல்லாம மானிட்டரா? இன்னாத்த சார் பாப்பீங்க?"

கதிரவன் பையைத் திறந்து காட்டினார். கேட்காமலேயே விளக்கமும் சொன்னார். "பசங்களுக்கு எறிபொருளோட பாதை சொல்லித் தரணும். கோணம், வேகம் எல்லாம் இருக்கு."

"கிரிக்கெட்லயா?"

"கிரிக்கெட்லயும் இருக்கு."

"இருக்கும் இருக்கும்" என்றார் கிபாயத்துல்லா. தடிமனாக ஒரு எல்சிடியை எடுத்து வைத்தார். "இது மானிட்டரும் ஆச்சு, டிவியும் ஆச்சு. உங்க செவப்பு, வெள்ள, மஞ்ச வயர நேரா சொருவுங்க, வேல முடிஞ்சிது. ஸ்பீக்கரும் உள்ளயே இருக்கு."

"டிவி வருமா இதுல?"

"ஜோரா வரும்."

"அப்ப வேணாம்."

டிவி வராது என்பதற்காக ஒரு பொருளைத் திருப்பித் தருபவர்களைக் கிபாயத்துல்லா பார்த்திருக்கிறார். வரும் என்பதற்காகத் தள்ளிவைத்தவர் இவர்தான். மறுபேச்சு பேசாமல் இரண்டு மானிட்டர்களை எடுத்தார். ஒன்று அகலமான பத்தொன்பது அங்குலம். இன்னொன்று சதுர வாக்கிலான பதினேழு. கதிரவனின் கை அகலத்தை நோக்கிப் போனது. பதினான்கு அங்குலத்தால் அவமானப்பட்ட மனிதருக்கு அங்குலங்களின் மேல் ஒரு பசி இருந்தது.

"அது வேணாம் சார். இந்தக் கேமு பழைய டிவி கணக்குல செஞ்சது. அகலத்துல போட்டா ஆளுங்க எல்லாம் குண்டாத் தெரிவாங்க" என்று சொல்லி மாட்டியும் காட்டினார். பந்து வீச ஓடிவந்தவர் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி ஓடிவந்தார். சதுரத்தில் ஆள் ஆளாக இருந்தார். விலையும் குறைவு. அன்று அந்தக் கடையில் உண்மை பேசியவர் கிபாயத்துல்லா ஒருவர்தான். அதற்காகப் பெரிதாகப் பாராட்டத் தேவையில்லை. அவருக்குப் பொய் சொல்லும் அவசியம் வரவில்லை.

மாட்டிக் காட்டும்போது நடுவே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்ததைக் கதிரவன் கவனித்தார். "இது எதுக்கு?"

"மானிட்டர்ல நீல பின்னு மட்டும்தான் சார் இருக்கு. உங்க கேம்ல மூணு வயரு. ரெண்டுக்கும் நடுவுல இந்தப் பொட்டி இல்லாம படமும் வராது, சத்தமும் வராது."

"இதுக்குப் பேரு?"

"டிவி பாக்ஸு."

கதிரவன் கடை வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "வேற பேர்ல கெடைக்காதா?"

"வேற பேர்ல நான் எங்க சார் போய்த் தேடுவேன்? வேணும்னா நீங்களே ஒரு பேர வச்சிக்குங்க."

கதிரவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை எழுத்தில் டிவி என்று அச்சடித்திருந்தது. "இந்த எழுத்த எடுத்துட முடியுமா?"

"தின்னர் வச்சித் தொடச்சா பின்னாடி இருக்கற எல்லா எழுத்தும் போயிடும்."

"போவட்டும். கேபிள் சொருவுற ஓட்டையையும் அடச்சிக் குடுங்க."

கிபாயத்துல்லா அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "அது என்னால ஆவாது. வாரண்டி போயிடும். எம்-சீல் வாங்கி நீங்களே அடச்சிக்குங்க. ரெண்டு ஓட்ட இருக்கு சார். ஒன்னு கேபிளு, ஒன்னு ரேடியோ. மாத்திக்கீத்தி அடச்சிடாதீங்க."

கதிரவன் தலையாட்டினார். எது எது என்று கேட்கவில்லை. இருபது வருடம் சொல்லிக்கொடுத்தே பழகியவருக்குக் கேட்டுக்கொள்வது கூச்சமாக இருந்தது.

வீட்டில் பின்னறையில் பெட்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தபோது இரண்டு ஓட்டைகளும் ஒரே அளவில், ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எழுத்துகளைத் தின்னர் தின்றுவிட்டது. இரண்டையும் அடைத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் வானொலியின் பெருமையை மேடையில் பேசுகிறவர் ரேடியோ ஓட்டையை அடைப்பது எப்படி? ஒன்றைத்தான் அடைக்க வேண்டும். நிகழ்தகவுப் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவர் இடதுபக்க ஓட்டையைத் தேர்ந்தெடுத்தார். எம்-சீலைப் பிசைந்து கோலி அளவு உருட்டி அப்பினார். காய்ந்ததும் நகத்தால் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்தார்.

பிறகு நாலைந்து மாதம் தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிரிக்கெட் ஆடினார். சிக்சருக்குச் சிக்சர் அடங்கிய சத்தத்தில் ஆரவாரம் கேட்கும். அமராவதி பாத்திரம் துலக்கியபடி அதைக் கேட்பாள். மே மாதம் வழக்கம்போல நோட்டீஸ் வந்தது. எழுத்து இன்னும் கொட்டையாகியிருந்தது.

ஜூனில் ராசம்மாள் மகனோடு நெய்வேலிக்குக் குடிபோனாள். வீடு பூட்டிக் கிடந்தது. முதல் நாள் ஏழரை மணிக்கு அமராவதி முறத்தை எடுத்தவள், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மறுநாளும் எடுத்தாள். மூன்றாம் நாள், கதிரவன் மாடிக் கொட்டகையில் ஆறு மணி பேட்ச்சுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, தெருவில் பணம் வசூலிக்க வந்த கேபிள்காரர் உத்திராபதியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தப் பொட்டியில கேபிள் வருமா பாருங்க. அவுரு ஓட்டைய அடச்சி வச்சிருக்காரு. கத்தி வச்சிப் பேத்தா வருமா?"

உத்திராபதி பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "கத்தியெல்லாம் எதுக்கும்மா? சார் ரேடியோவ இல்ல அடச்சி வச்சிருக்காரு! கேபிள் ஓட்ட தெறந்துதான் கெடக்கு."

ராசம்மாள் வீட்டுக்குப் போன வயர் மதில் மேல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்து ஜன்னல் வழியாக விட்டுச் சொருகினார். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினார். எண்பத்துச் சொச்சம் சேனல்கள் வரிசையாக வந்து நின்றன.

ஏழரைக்குக் கதிரவன் காபிக்கு இறங்கி வந்தார். முன்னறையில் லோகநாயகி என்ற அம்மாள் மகளைச் சேர்க்க வந்து காத்திருந்தாள். பத்திரிகைப் படத்தை அவளுக்குக் காட்டி, "பதினோரு வருஷமா இந்த வீட்ல டிவி கெடையாதும்மா" என்று அவர் தொடங்கியபோது பின்னறையிலிருந்து சீரியலின் பாட்டு கேட்டது. கதவு அகலத் திறந்திருந்தது. அமராவதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம் இல்லை.

கதிரவன் விரைந்து போனார். "இன்னா இது?"

"மானிட்டர்" என்றாள் அமராவதி திரும்பாமல்.

"கிண்டல் பண்றியா? நிறுத்து அத."

"படம் வருது, சத்தம் வருது. நீங்கதான சொன்னீங்க, இது டிவி இல்லன்னு. எனக்குச் சொன்னா புரியாதுன்னீங்க. புரிஞ்சிடுச்சி."

பின்னாலேயே லோகநாயகி வந்து நின்றாள். "டிவி இல்லன்னீங்களே சார்?"

அமராவதி இப்போது திரும்பினாள். "டிவி இல்லீங்க. அவுரையே கேளுங்க."

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். டிவி என்று சொன்னால் அமராவதி எழுந்து அணைத்துவிடுவாள். ஆனால் பதினோரு வருடமும், படமும், நோட்டீசும், மத்தியானக் கிரிக்கெட்டும் அதோடு அணைந்துவிடும். உண்மையைச் சொல்ல ஒரு மனிதனுக்கு இவ்வளவு நல்ல இடம் அமைவது அபூர்வம். கதிரவன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாம்மா. இது மானிட்டர்."

"அப்படியா" என்றாள் லோகநாயகி. திரையை ஒரு கணம் பார்த்தாள். "ஐயோ, அவ வூட்ட வுட்டுப் போயிட்டாளா? நான் நேத்து பாக்கலியே." அமராவதி நாற்காலியை நகர்த்தி, பக்கத்துக் கட்டிலில் அவள் உட்கார இடம் விட்டாள். மகள் மறுநாள் முதல் டியூஷனுக்கு வந்தாள்.

அமராவதியைத் தைரியசாலி என்று சொல்ல வேண்டியதில்லை. திறந்தே கிடந்த ஓட்டையில் அவள் வயரைச் சொருகச் சொன்னாள்; அவ்வளவுதான். அதற்குப் பத்து வருடம் ஆனது. ஆனாலும் அந்த வீட்டில் சொன்ன சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு என்று எடுத்துக்கொண்டவள் அவள் மட்டுமே.

கேம் இப்போது பீரோவின் மேல் துணிப்பைக்குள் இருக்கிறது. மத்தியானத்தில் மறு ஒளிபரப்பு வருவதால் மானிட்டர் ஒழிவதில்லை. நோட்டீஸ் ஒவ்வொரு மே மாதமும் வருகிறது. ஒரு எழுத்தும் மாறவில்லை. ஏழரை மணிக்குக் கதிரவன் காபிக்கு இறங்கி வருகிறார். பின்னறை நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறார். அமராவதி உட்காரச் சொல்வதில்லை, அவரும் உட்காருவதில்லை. கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் ஒன்று இருக்கும். விளம்பரம் வரும்போது மட்டும் அதைப் பார்க்கிறார்.