பூச்சி சொன்ன புத்தகம்

மென்பொருளில் வரும் பிழைக்கு எங்கள் தொழிலில் 'பக்' என்று பெயர். தமிழில் சொன்னால் பூச்சி. அதைத் தேடிப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் பக்கத்து இருக்கைக்காரனைப் பூச்சி என்று நாங்கள் கூப்பிட்டது அதனால் அல்ல. அவன் வாயில்லாப் பூச்சி. பதினாறு வருடமாகப் புரோகிராம் எழுதுகிறான். யார் எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் வாங்கிக்கொள்வான்.

அவனுக்கென்று இருப்பது ஒரே அக்கா. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்து இவனைப் படிக்கவைத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். கர்ப்பப்பையில் கட்டி, பதினாலாம் தேதி ஆபரேஷன் என்று அவள் சொன்னபோது, "அன்னைக்கு உன் பக்கத்துலயே இருப்பேன்கா" என்றான். இவன் இவ்வளவு திடமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

இடைஞ்சல் எங்கள் மேனேஜர். கெட்டவர் இல்லை. கஸ்டமர் எந்தத் தேதியைக் கேட்டாலும் சரி என்பார், அவ்வளவுதான். அவர் சரி என்பார், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு வருவோம். அந்த மாதம் அவருக்குப் புது யோசனை பிறந்தது. மென்பொருள்காரர்கள் அவசியம் படிக்கவேண்டிய புத்தகம் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்லவேண்டுமாம். காபி மெஷினுக்கு மேலே பட்டியல் ஒட்டுவாராம். நான் டெஸ்டிங் பற்றிய தலையணைப் புத்தகம் ஒன்றைச் சொல்லிவைத்தேன். நாற்பது பக்கத்துக்கு மேல் நானே தாண்டியதில்லை.

பூச்சி மூன்று நாள் யோசித்து ஒரு புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தான். நடக்காத தேதிக்குத் தலையாட்டாதே, முடியாது என்று நேராகச் சொல்லிப் பழகு என்பதுதான் மொத்தப் புத்தகமும்.

"இதை நீயா படிச்சே?" என்றேன்.

"ரெண்டு தடவை. எனக்குத்தான் வரல. அவராவது படிச்சா கஸ்டமர்கிட்ட சொல்வார்ல? நானும் பதினாலாம் தேதி நிம்மதியாப் போயிட்டு வருவேன்."

மேனேஜர் இரண்டே நாளில் படித்து முடித்தார். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு. "இத்தனை வருஷம் இது தெரியாமப் போச்சே" என்று மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பூச்சியைப் பாராட்டினார். அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஒன்பதாம் தேதி கஸ்டமர் போன் செய்தார். இருபதாம் தேதி தரவேண்டியதைப் பதினைந்து காலையிலேயே கேட்டார். மேனேஜர் சரி என்றுவிட்டார். பழக்க தோஷம். பூச்சி லீவு லெட்டரோடு அவர் முன்னால் போய் நின்றான். துணைக்கு நானும் நின்றேன்.

"அக்காவுக்கு ஆபரேஷன் சார். போன மாசமே சொல்லியிருந்தேன்."

அவர் லெட்டரை முழுதாகப் படித்தார். "முடியாதுப்பா," என்றார். "முன்னெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம்னு இழுத்தடிப்பேன். அது தப்பு. அந்தப் புரோகிராம் உன்னை விட்டா யாருக்கும் தெரியாது. நேராச் சொல்லிடறதுதான் உனக்கும் மரியாதை. நீ சொன்ன புத்தகம்தான், ஆறாவது அத்தியாயம்."

அதில் கிண்டல் இல்லை. நன்றியோடுதான் சொன்னார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இவன் மண்வெட்டியைக் கொடுத்து இடத்தையும் காட்டியிருக்கிறான்.

பூச்சி லெட்டரைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நானாவது பேசியிருக்கலாம். அடுத்த மாதம் எனக்கும் லீவு வேண்டியிருந்தது. பேசவில்லை.

வெளியே வந்ததும், "வேலையை விட்டுட்டுப் போடா" என்றேன்.

"ஆபரேஷனே கம்பெனி இன்சூரன்ஸ்லதான் நடக்குது" என்றான்.

பதின்மூன்றாம் தேதி மதியம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். இரண்டு கையும் கீபோர்டில் இருந்ததால் அவன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. எதிர் வீட்டுப் பொண்ணு கூட வந்திருக்கா. ஃபார்ம்ல கையெழுத்து அவளே போடறேங்கிறா. நோயாளிக்கு என்ன உறவுன்னு ஒரு கோடு விட்டிருக்காங்க. தங்கச்சின்னு எழுதட்டுமான்னு கேக்கறா. எழுதட்டுமாடா?"

பூச்சி அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்தான்.

"எழுதச் சொல்லுக்கா" என்றான்.