சவரி அண்ணன் சொன்ன ரயில்

கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் கியூவில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அடுத்த வருடம்தான் ராசுவுக்கு இரண்டு கண்ணும் போனது. சீனி வருத்தம், நீரிழிவு.

ராசுவும் நானும் கொட்டாஞ்சேனையில் ஒரே தண்ணீர்க் குழாயில் குளித்து வளர்ந்தவர்கள். இப்போது அவன் பாமன்கடையில் மகன் வீட்டில். நான் வெள்ளவத்தையில் மகள் வீட்டில். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான் - பழசைக் கதைப்பது.

போன கிழமை போன் பண்ணினான்.

"டேய், சவரி அண்ணன் சொன்ன ரயில் படம் இருக்கே... அதை நான் கடைசி வரைக்கும் பார்க்கவே இல்ல. இனிப் பார்க்கவும் ஏலாது. காதாலயாவது கேட்டுட்டுப் போகணும்டா."

சவரி அண்ணன் யார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பேக்கரி வாசலில் பாணுக்கு விடியற்காலையில் கியூ நின்ற காலம் அது. எங்கள் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் இல்லை. ஒரு முற்றம், சுற்றிவர வரிசை வீடுகள், நடுவில் ஒரு குழாய். எல்லோரும் படம் பார்க்க வசதி ஏது? துறைமுகத்தில் மூட்டை தூக்கின சவரி அண்ணன் மட்டும் புதுப்படம் வந்த அன்றே போய்விடுவார். மறுநாள் பின்னேரம் குழாயடியில் குந்திக்கொண்டு முழுப் படத்தையும் சொல்வார். பாட்டு, சண்டை, மழை, குதிரை... எல்லாம் அவர் வாயாலேயே வரும். பெண்கள் வாளியை வரிசையில் வைத்துவிட்டு, தங்கள் முறை வந்தாலும் எழும்ப மாட்டார்கள்.

நான் பிறகு எத்தனையோ படங்களைத் தியேட்டரில் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஏதோ கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது!

அந்த ரயில் படத்தை அவர் சொன்னபோது ராசுவின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சு வருத்தம். பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். ராசு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

கதை இதுதான். சின்னதில் பிரிந்த மகன் வளர்ந்து அம்மாவைத் தேடுகிறான். அம்மா வருகிறாள் என்று தகவல் வருகிறது. கொட்டும் மழை. ஸ்டேஷனில் மகன் நிற்கிறான். ரயில் வருகிறது. பெட்டி பெட்டியாகக் கதவைத் திறந்து பார்க்கிறான்...

அந்த இடத்தில் சவரி அண்ணன் நிறுத்திவிட்டார். ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தார். நாங்கள் தவித்துப் போனோம். மனுஷன் வேண்டுமென்றே இழுக்கிறார் என்று நினைத்தோம்.

பிறகு சொன்னார் - "கடைசிப் பெட்டியிலேருந்து அம்மா இறங்கி வாறா. முந்தானையால மகன்ட தலையத் துவட்டி விடுறா."

ராசு கை தட்டினான். அந்த மாதமே அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பிறகு அந்தப் படம் எங்கள் பக்கம் திரும்ப வரவேயில்லை. "அம்மாவை நினைச்சா எனக்கு அந்த ரயில்தான்டா வரும்" என்று ராசு இன்றைக்கும் சொல்வான்.

சரி, படத்துக்கு எங்கே போவது? என் பேத்தி அபியிடம் பெயரைச் சொன்னேன். அரை நிமிடம். "இந்தா தாத்தா, ஃபுல் மூவி" என்றாள்.

அபியைப் பற்றி நான் கிழமைதோறும் பேப்பரில் வருகிற இந்தப் பத்தியில் எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தருகிறவளே அவள்தான். ஆக, தன்னைத் திட்டுவதையும் பிழையில்லாமல் அவளே எழுதுவாள். நாள் முழுதும் விரலால் போனைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் கேட்டேன்.

"இப்ப என்ன பார்த்தாய்?"

"ரீல் தாத்தா."

"கதை என்ன?"

"அதுக்கு கதையெல்லாம் இல்ல தாத்தா."

"அப்ப ஏன் சிரிச்சாய்?"

"மறந்துட்டன்."

பார்த்தீர்களா? மூன்று மணி நேரப் படத்தை ஒரு வசனம் விடாமல் சொன்ன மனுஷன் எங்கே, அரை நிமிஷத்தில் பார்த்ததை அடுத்த நிமிஷம் மறக்கிற பிள்ளை எங்கே? இந்தப் போன் இதுகளின் மூளையைத் தின்றுவிட்டது என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அபியையும் கூட்டிக்கொண்டு பாமன்கடைக்கு நடந்தேன். வழி நெடுக அந்தக் கதையைச் சொன்னேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கேட்டாளா, இல்லையா? சுவருக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

ராசு வெள்ளைச் சட்டை போட்டு, தலைசீவிக் காத்திருந்தான். தியேட்டருக்குப் போகிறவன் மாதிரி! மருமகள் நிர்மலா பிளேன்டீ தந்தாள். நல்ல பிள்ளை. கிழமைதோறும் இந்தப் பத்தியை ராசுவுக்கு வாசித்துக் காட்டுகிறவள் அவள்தான்.

படம் ஓடியது. வசனம் இல்லாத இடங்களை அபி சொன்னாள். "இப்ப அவர் பாலத்துல நடக்குறார் தாத்தா... இப்ப மழை." ராசு தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

ஸ்டேஷன் வந்தது. நான் போனுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். மகன் கதவு கதவாகத் திறக்கிறான். கடைசிப் பெட்டி. அம்மா ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மகன் தொடுகிறான். தலை சரிகிறது.

செத்துப் போயிருக்கிறாள்.

போனுக்குள் மகன் "அம்மா!" என்று கத்தினான்.

ராசு முன்னால் குனிந்தான். "பிள்ள, அம்மா இறங்கிட்டாவா? ஏன் இவன் இப்பிடி அழுறான்?"

அபி ஒரு மூச்சு எடுத்தாள். அவ்வளவுதான்.

"சந்தோஷத்துல தாத்தா. அம்மா இறங்கி வந்துட்டா. முந்தானையால தலையத் துவட்டி விடுறா... ஐயோ, சார்ஜ் முடிஞ்சுட்டு தாத்தா!"

போனை அணைத்துவிட்டாள். அணைக்கும்போது நான் பார்த்தேன். சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது.

ராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "பார்த்தியாடா? சவரி அண்ணன் ஒரு எழுத்துக் கூட மாத்திச் சொல்லல்ல!"

அப்போதுதான் எனக்கு அந்தப் பீடி ஞாபகம் வந்தது. பற்றவைக்கிற சாக்கில் அந்த மனுஷன், வாளி மேல் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறார். இத்தனை வருடமாக அதை அவருடைய ஞாபக சக்தி என்று நான் புகழ்ந்துகொண்டு திரிந்திருக்கிறேன்!

திரும்பி வரும்போது கேட்டேன். "எப்பிடி மகள் அப்பிடிச் சொல்லத் தோணிச்சு?"

"நீங்க போனையே பார்த்துட்டு இருந்தீங்க தாத்தா. நான் அவர்ட முகத்தப் பார்த்தன்."

சொல்லிவிட்டு, திரும்பவும் போனைத் தள்ளத் தொடங்கிவிட்டாள். பஸ்கள் பறக்கிற காலி ரோட்டைக் கடக்கும்போது நான்தான் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. மூளை தின்னப்பட்டதா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள். நான் இனி அந்த வழக்குக்கு வரவில்லை.

நிர்மலா, உனக்கு ஒரு வேலை இருக்கிறது மகள். இந்த வாரப் பத்தியையும் ராசுவுக்கு வாசித்துக் காட்டு. ரயில் ஸ்டேஷனுக்கு வந்ததும் பேப்பரைக் கொஞ்சம் இறக்கி, அவன் முகத்தைப் பார்.

மிச்சத்தை நீ சொல்.