ஷவரில் வாசித்த கொலைக்கதை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு போர்வை மடிக்கிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சைலன்சர். ஆறு வருஷமாகப் பக்கத்தில் நிற்கிறாள், சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எனக்கோ வாய் சும்மா இருக்காது. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று எரிச்சல் எரிச்சலாக வரும்.

அப்படிப்பட்டவள் போன மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், "ஒரு கொலைக்கதை படிக்கிறேன்க்கா, சொல்லட்டுமா?" என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது.

திரையில் புத்தகம் படிக்கிற, தண்ணீர் பட்டாலும் கெடாத இ-ரீடர் கருவி ஒன்றை அவள் தம்பி வாங்கித் தந்திருக்கிறான். வீட்டில் மாமியார், கொழுந்தன், புருஷன், இரண்டு பிள்ளைகள். கையில் எதையாவது வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆளாளுக்கு ஒரு வேலை சொல்வார்கள். தாழ்ப்பாள் போட்டால் யாரும் கூப்பிடாத ஒரே இடம் குளியலறை. சோப்புத் தட்டில் கருவியைச் சாய்த்து வைத்து, ஷவரைத் திறந்துவிட்டு, தினமும் காலையில் கால் மணி நேரம் படிப்பாள். படித்ததை மத்தியானம் எங்கள் ஏழு பேருக்கும் சொல்வாள்.

அடடா, எப்படிச் சொன்னாள்! பெரிய வீட்டுக் கிழவரை யாரோ கொன்றுவிட்டார்கள். எல்லார் மேலும் சந்தேகம். டிரைவர் மாடிப்படியில் உருண்டு விழுந்தான். உயிர் போகிற நேரத்தில் அவன் பேசிய பேச்சைக் கேட்டு ஏழு பேரும் மூக்கைச் சிந்தினோம். அவன் சவ அடக்கத்தில் வீட்டுக்கார அம்மா கதறினாளாம். "பணக்காரின்னாலும் நல்ல மனசுடி" என்று சர்டிஃபிகேட் கொடுத்தவள் நான்தான்.

முடிவு சொல்ல வேண்டிய நாள் வந்தது. அன்று காலை கடைசி அத்தியாயத்தைப் படித்தவள், வீடே அதிர அலறியிருக்கிறாள். புருஷன் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"என்னாச்சு? வழுக்கி விழுந்துட்டியா?"

"நான் விழலைங்க. செத்துப்போன டிரைவர் எழுந்து வந்துட்டான்!"

விரல் பட்டால் பக்கம் திரும்புகிற கருவி அது. ஷவர்த் துளி பட்டாலும் திரும்பும். டிரைவர் விழுந்த இடத்தில் தண்ணீர் இருபது பக்கத்தைத் தள்ளிவிட்டது. அடுத்து இவள் கண்ணில் பட்டது ஒரு சவ அடக்கம். அது கிழவருடையது. இவளோ டிரைவர்தான் போய்விட்டான் என்று முடிவுகட்டி, அந்தக் கடைசிப் பேச்சு முழுவதையும் தானே கட்டிச் சொல்லியிருக்கிறாள். நிஜத்தில் அவனுக்குக் கால் சுளுக்கு. லீவில் போனவன் கடைசி அத்தியாயத்தில்தான் திரும்பி வருகிறான். கொலைகாரனும் அவனே!

நாங்கள் அழுது புதைத்தவனை எப்படிக் கூட்டிவந்து நிறுத்துவது என்று அவளுக்குத் திகைப்பு. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால் நாங்கள் சிரிப்போம். அவள் மறுபடியும் வாயை மூடிக்கொண்டு போர்வை மடிக்க வேண்டும். நாலு பேர் தன் முகத்தைப் பார்த்துக் கேட்டது அந்த ஒரு மாதம்தான் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். கருவியை அணைத்துவிட்டு, வெந்நீர் தீர்ந்து பச்சைத் தண்ணீர் கொட்டும்வரை நின்று யோசித்திருக்கிறாள்.

மத்தியானம் வந்து உட்கார்ந்தாள். "டிரைவர் சாவுக்கு எல்லாரையும்விட அதிகமா அழுதது யாரு?" என்று கேட்டாள்.

எனக்குப் பகீரென்றது. வீட்டுக்கார அம்மா! கிழவரைக் கொன்றவள் அவள். அதைப் பார்த்துவிட்ட டிரைவரைப் படியில் தள்ளியவளும் அவள்தான். ஒருத்தி மேஜையை ஓங்கி அடித்தாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"புத்தகத்தோட பேரைச் சொல்லுடி, நானும் வாங்கிப் படிக்கறேன்" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். "இந்த முடிவு புத்தகத்துல இல்லைக்கா. காலைல குளிக்கும்போது நானா யோசிச்சது. மன்னிச்சிடுங்க."

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்? ஒரு மாதமாக எங்களை ஏமாற்றியிருக்கிறாளே! பிறகு புத்தகத்தில் இருந்த முடிவை நினைத்துப் பார்த்தேன். கால் சுளுக்கின டிரைவராம். தூ!

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா எழுந்திரு" என்றேன் அவளிடம். "நல்லா நேரமெடுத்துக் குளிச்சிட்டு வா."